தொலைந்த கேள்விக்குறி

அத்தியாயம் 9

அந்த வீடியோ மொத்தமே முப்பது நொடிதான். அதை ரேடியோ என்கிற பெண் இதற்கு முன்னால் ஏழெட்டுத் தடவையாவது பார்த்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரித்திருந்தாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வீடியோவில் குரலாக மட்டும் வரும் பெண்மணி இப்போது எதிர் நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இதுதான் துப்பறியற ஆபீஸ் இல்ல?" என்று கேட்டுக்கொண்டேதான் மாடிப்படி ஏறி வந்திருந்தார்.

ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை, இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி. அந்த விசிறிக்குக் கீழே இருந்த மேஜை காற்புள்ளியுடையது. இருபத்தாறு வருஷம் ஒரு நாளிதழில் பிழை திருத்தியவர். முதலாளியின் மகன் எழுதிய தலையங்கத்தில் பதினோரு பிழைகள் இருப்பதை அவருடைய முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சின் நடுவே திடீரென்று நிறுத்திவிட்டு, கேட்பவர் தவித்துப்போன பிறகுதான் மீதியைச் சொல்வார். அதனால் அச்சகத்து ஆட்கள் வைத்த பெயர் அது. இப்போது மனிதர்களுடைய பேச்சில் பிழை பார்க்கிறார். இந்த வேலையில் பிழைக்குக் குறைவே இல்லை.

விசிறிக் காற்று எட்டாத மேஜை ரேடியோவுடையது. வயது இருபத்தெட்டு. அந்தப் பெயர் அவளுடைய அம்மா வைத்தது. எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அணைக்க முடியாது என்பதால் வைத்தார்.

"சொல்லுங்கம்மா," என்றார் காற்புள்ளி.

"தம்பி நாப்பது நாளா என்கூடப் பேசலை சார். அதுகூடப் பரவாயில்லை. அம்மா அவன் வீட்டுலதான் இருக்காங்க, படுத்த படுக்கையா. நான் போனா கதவைத் திறக்க மாட்டேங்கறான். இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை இல்ல? வர்ற வெள்ளிக்கிழமை வேற ஊருக்கு மாத்தல் வாங்கிக்கிட்டுப் போறான், அம்மாவையும் கூட்டிக்கிட்டு. அதுக்குள்ள கண்டுபிடிச்சாகணும் இல்ல?"

"எதைக் கண்டுபிடிக்கணும்?"

"அவன் தோத்துப்போனதுக்கு யாரு காரணம்னு."

தோற்ற கதை ஊருக்கே தெரியும். 'சாவி உங்கள் கையில்' என்று ஒரு தொலைக்காட்சிப் போட்டி. கடைசிக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் பரிசு ஒரு வீடு. மேடையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் சாவி தொங்கிக்கொண்டிருக்கும். இவருடைய தம்பி ஒரு கம்பெனியில் பெரிய குமாஸ்தா, பட்டப்படிப்பு படித்தவர். கடைசிக் கேள்விவரை போய்விட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் யாராவது ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்கலாம். அவர் அக்காவுக்குப் போட்டார்.

காற்புள்ளி கணினியில் வீடியோவை மறுபடியும் ஓட்டினார். அக்கா பேசும் வரிகளுக்கு மட்டும் கீழே எழுத்து ஓடும்.

"தம்பி, நல்லாத் தூங்கின இல்ல?" என்றது போன் குரல். கீழே, 'தம்பி, நன்றாகத் தூங்கினாய் அல்லவா?' என்று ஓடியது.

"தூங்கினேன்க்கா, கேள்வியைக் கேளு. மரக்கூழ்லேருந்து செய்யற துணி எது? ஒண்ணு நைலான், ரெண்டு பாலியஸ்டர், மூணு ரேயான், நாலு அக்ரிலிக்."

"மூணாவது இல்ல..."

அதோடு மணி அடித்து இணைப்பு அறுந்தது. கீழே, 'மூன்றாவது இல்லை' என்று வந்தது. தம்பி கொஞ்ச நேரம் சாவியையே பார்த்தார். பிறகு நைலான் என்றார். சரியான விடை மூன்றாவதாக இருந்த ரேயான்.

அவ்வளவுதான் விஷயம். தெரியாததை நிச்சயமாகச் சொல்லிக் கெடுப்பவர்களுக்கெல்லாம் ஊரில் அதற்குப்பிறகு 'மூணாவது இல்ல' என்றே பெயராகிவிட்டது. பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தம் வந்தால் கண்டக்டர் அந்த வார்த்தையைச் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைக்கிறார். போன வாரம் எத்தனை டீ சொல்லட்டும் என்று காற்புள்ளி கேட்டபோது ரேடியோகூட, "ரெண்டுதான் சார், மூணாவது இல்ல," என்றாள். அப்போது நன்றாகத்தான் இருந்தது.

"நான் இருபத்தஞ்சு வருஷமா தைக்கறவ சார்," என்றார் அக்கா. "கோட்டுக்கு உள்துணியே ரேயான்தான். கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலே சொல்லிடுவேன். அதனாலதான் என்ன சொல்றாங்கன்னா, தெரியாம சொல்லியிருக்க முடியாது, வேணும்னே சொல்லிட்டாங்கறாங்க. அப்படித்தானே தோணும் இல்ல?"

"வேணும்னே எதுக்குச் சொல்லணும்?"

"அவனைப் படிக்க வைக்கறதுக்காக என் படிப்பை எட்டாவதோட நிறுத்தினாங்க. அந்த வயித்தெரிச்சல்ங்கறாங்க."

"இருந்துச்சா?" என்றார் காற்புள்ளி. இப்படி ஒரு கேள்வியை இவ்வளவு பட்டென்று கேட்க அவரால்தான் முடியும். ரேடியோவுக்குச் சங்கடமாக இருந்தது.

அக்கா கோபப்படவில்லை. "இருந்துச்சு சார். ஒரு ரெண்டு வருஷம் இருந்துச்சு. அப்புறம் மெஷின் பழகிடுச்சு."

அவர் படியிறங்கிப் போன பிறகும் காற்புள்ளி தன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஓர் எழுத்துகூட இல்லை. கோடு கோடாகக் கிழித்திருந்தார்.

"குறுக்க இன்னும் ரெண்டு கோடு போட்டீங்கன்னா ஆடு புலி ஆட்டம் ஆடலாம் சார்," என்றாள் ரேடியோ.

"அந்தம்மா எத்தனை தடவை 'இல்ல'ன்னு முடிச்சாங்கன்னு எண்ணினேன். பதினொண்ணு. அதுல ஒண்ணுகூட மறுப்பு இல்ல."

"இப்ப நீங்க சொன்னது மறுப்பா, கேள்வியா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயில் வந்த நக்கல் அப்படியே நின்றுபோயிற்று. இதுதான் ஆபீஸா என்று கேட்க, இதுதான் ஆபீஸ் இல்ல என்பார். செவ்வாய்க்கிழமைதானே என்று கேட்க, செவ்வாய்க்கிழமை இல்ல என்பார். அப்படியானால் மூணாவது இல்ல என்றால் மூணாவதுதானே என்று அர்த்தம். அந்த 'இல்ல' கேள்வியாக மேலே ஏறுவதற்குள் மணி அடித்து வாலை வெட்டிவிட்டது.

"சார், அந்தக்கா சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"ம்."

"அப்ப வழக்கு முடிஞ்சுது. கீழ எழுத்து ஓட்டின ஆள்தான் குற்றவாளி. கேள்விக்குறியைத் தூக்கிப் போட்டுட்டு ஓர் ஐகாரத்தைச் சேர்த்துட்டான். 'இல்ல' போய் 'இல்லை' ஆயிடுச்சு. மேடையில தம்பி அதைப் படிச்சுட்டு ரேயானை விட்டுட்டாரு. அரை மணி நேரத்துல வழக்கு க்ளோஸ். விசிறியை என் பக்கம் திருப்புங்க."

காற்புள்ளி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "முதல்ல அந்த எழுத்துக்காரரைப் பார்ப்போம்," என்றார்.

*

ஊருக்கு வெளியே பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றைத்தான் படப்பிடிப்புத் தளமாக மாற்றியிருந்தார்கள். வாசல் காவலாளி அடையாள அட்டை கேட்டார். ரேடியோ ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"மொழித் தூய்மைக் குழுவிலேருந்து வர்றோம். உங்க நிகழ்ச்சியில எழுத்தெல்லாம் ரொம்பச் சுத்தமா இருக்குன்னு பாராட்டிட்டுப் போகலாம்னு. ஐயாதான் தலைவர்."

காவலாளி ஐயாவை மேலும் கீழும் பார்த்தார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா, மூக்கு நுனியில் கண்ணாடி. தலைவர்தான் என்று தோன்றியிருக்க வேண்டும், உள்ளே போன் போட்டார்.

"அப்படி ஒரு குழு இருக்கா?" என்று நடையில் காற்புள்ளி கேட்டார்.

"இப்பத்தான் சார் ஆரம்பிச்சேன்."

எழுத்து ஓட்டுபவருக்கு நாற்பது வயது இருக்கும். அங்கே எல்லோரும் அவரை இலக்கணம் என்றுதான் கூப்பிட்டார்கள். ஜன்னலில்லாத சிறிய அறை, இரண்டு திரைகள், காது தேய்ந்துபோன ஒரு ஹெட்போன். சுவரில் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தது: 'பேசுவதுபோல் எழுதாதே.'

அதைப் பார்த்ததும் காற்புள்ளியின் முகம் மலர்ந்ததை ரேடியோ கவனித்தாள். அடுத்த ஐந்து நிமிஷம் அவளுக்கு அங்கே வேலையே இல்லை. ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று இருவரும் பல வருஷம் கழித்துச் சந்தித்த பங்காளிகள்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் காற்புள்ளி அந்த வரியைச் சொன்னார். இலக்கணத்தின் முகம் வாடிவிட்டது.

"அதையா கேக்க வந்தீங்க," என்றார்.

ரேடியோ காத்திருந்த இடம் இதுதான். "ஆமா சார். அந்தக்கா சொன்னது 'மூணாவதுதானே'ன்னு. நீங்க போட்டது 'மூன்றாவது இல்லை'ன்னு. உங்க ஒரு ஐகாரத்தால ஒரு குடும்பத்துக்கு வீடு போச்சு. பெத்த அம்மாவைப் பார்க்க முடியாம ஒருத்தங்க தெருவுல நிக்கறாங்க. மேடையில அவரு அதைப் படிச்சுட்டுத்தானே நைலான்னு சொன்னாரு?"

இலக்கணம் அவளைப் புரியாமல் பார்த்தார். "மேடையில எங்க படிப்பாரு? அங்க எழுத்தே ஓடாதும்மா. ஸ்பீக்கர்ல குரல் மட்டும்தான். படப்பிடிப்பு முடிஞ்சு, வெட்டி ஒட்டி, அப்புறம்தான் இந்த அறைக்கு வரும். நான் அந்த வரியை எழுதும்போது அவரு தோத்துப்போய் ஒன்பது நாள் ஆச்சு."

ரேடியோ சுவரில் ஒட்டியிருந்த வரியைப் படிக்க ஆரம்பித்தாள்.

காற்புள்ளி மெதுவாகக் கேட்டார்: "அந்தம்மா முதல்ல 'தூங்கின இல்ல'ன்னாங்க. அதுக்கு 'அல்லவா'ன்னு சரியாப் போட்டீங்க. அடுத்த 'இல்ல'வுக்கு ஏன், 'இல்லை'?"

"ஐயா, ரெண்டும் காதுல ஒரே மாதிரிதான் விழுது. முதல் வரிக்கு அவரு 'தூங்கினேன்'னு பதில் சொல்றாரு. அப்ப அது கேள்வின்னு தெரிஞ்சுது. ரெண்டாவதுக்கு அவரு மூணை விட்டுட்டு நைலானுக்குப் போறாரு. அப்ப அது மறுப்புன்னு எடுத்துக்கிட்டேன். பதிலை வெச்சுத்தானே அர்த்தம் எடுக்க முடியும்? அந்தம்மா குரலை அவங்க தம்பியைவிடவா எனக்குத் தெரியும்?" அவர் ஹெட்போனைக் கையில் எடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "நான் போட்டது தப்பா ஐயா? மேலிடத்துல யாரும் ஒண்ணும் சொல்லலை. நிகழ்ச்சிக்கு நல்ல விளம்பரம்னு சந்தோஷமாத்தான் இருக்காங்க. எனக்குத்தான் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் என்னவோ பண்ணும்."

"தப்புதான்," என்றார் காற்புள்ளி. "ஆனா அந்தத் தப்பால யாரும் தோக்கலை."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். ரேடியோதான் ஆரம்பித்தாள்.

"இவரு தப்பா எழுதினதால அவரு தோக்கலை. அவரு தோத்ததால இவரு தப்பா எழுதினாரு."

"ம்."

"அப்ப மேடையில தம்பி எதைக் கேட்டாரு சார்? ஒருவேளை அவருக்கும் மறுப்பாத்தான் காதுல விழுந்துச்சோ என்னவோ."

"முப்பது நொடிக்குள்ள அக்கா ரெண்டு தடவை 'இல்ல'ன்னாங்க. முதல் தடவை அவரு கேள்வின்னு புரிஞ்சுக்கிட்டு, சட்டுன்னு பதில் சொல்லிட்டாரு. பிறந்ததுலேருந்து கேக்கற பேச்சு அது. அடுத்த தடவை மட்டும் எப்படிப் புரியாமப் போகும்?" காற்புள்ளி நிறுத்தினார். பஸ் ஒன்று வந்து, நின்று, போயிற்று. அது அவர்களுடைய பஸ்தான். "அவருக்குச் சரியாத்தான் கேட்டிருக்கு. அக்கா மூணுன்னு சொன்னது தெரிஞ்சுதான் நைலான்னு சொல்லியிருக்காரு."

ரேடியோவுக்குக் கோபம் வந்தது. டிவியில் வந்த நாளிலிருந்து ஊர் முழுக்க ஒரு பொம்பளையைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லி நிறுத்த முடிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு, கதவையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைவிட, சிரித்தவர்களில் தானும் ஒருத்தி என்பது உறுத்தியது.

*

தையல் கடை ஒரு சந்து முனையில், ஆறடிக்கு எட்டடி. புதன்கிழமை காலை அவர்கள் போனபோது அக்கா மெஷினில் இருந்தார். வெள்ளையில் சின்னச் சின்ன நீலப் பூப்போட்ட துணி ஊசிக்குக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. முன்பக்கம் முழுக்கத் திறக்கும்படியான அங்கி.

"அம்மாவுக்கு," என்றார். "புரட்டிப் போடாமலே மாத்தலாம் இல்ல? மூணு தெச்சிருக்கேன். உக்காருங்க."

உட்கார ஒரு முக்காலிதான் இருந்தது. காற்புள்ளி நின்றுகொண்டே, எழுத்துக்காரர் சொன்னதையும் தான் கண்டுபிடித்ததையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. உங்கள் தம்பிக்குச் சரியாகக் கேட்டது, அவராகத்தான் வேறு விடைக்குப் போனார் என்று முடித்தார்.

மெஷின் நிற்கவில்லை. ஒரு தையல் வரி கடைசிவரை ஓடியது. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தெரியும் சார்," என்றார்.

ரேடியோ முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"மணி அடிக்கறதுக்கு முன்னாடி அவன் 'சரிக்கா'ன்னான். டிவியில அதை வெட்டிட்டாங்க, எனக்குக் கேட்டுச்சு. நான் சொல்றது புரியலைன்னா சின்னப் புள்ளையிலேருந்தே அவன் 'என்ன'ன்னு கேப்பான். புரிஞ்சாத்தான் 'சரிக்கா' வரும்."

"அப்ப எதுக்கும்மா எங்ககிட்ட வந்தீங்க?" காற்புள்ளி நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கேட்ட கேள்வி அது.

அக்கா அங்கியை மடித்துக்கொண்டே பேசினார். "தப்பு யார் மேலயாவது இருக்கணும் இல்ல சார்? தோத்துட்டு வெளிய வந்தவனைச் சுத்தி நின்னுக்கிட்டு எல்லாருமே கேட்டிருக்காங்க, உங்கக்கா கவுத்துட்டாங்களா, உங்கக்கா கவுத்துட்டாங்களான்னு. அவன் ஆமான்னு சொல்லலை. இல்லைன்னும் சொல்லலை. அதுக்கப்புறம் டிவியில அந்த எழுத்து வந்துச்சு. இனிமே அவன் வாயைத் திறந்தா, அக்கா சொன்னதை நான்தான் மதிக்கலைன்னு ஊர் முன்னாடி சொல்லணும். எப்படிச் சொல்லுவான்? தப்பை என் மேல போட்டான். எனக்கு அது பழகிடும், மெஷின் பழகின மாதிரி. ஆனா என் மேல போட்டா நான் அந்த வீட்டுக்குள்ள போக முடியலையே. அவனால என் முகத்தைப் பார்க்க முடியாதே. அதனால வேற எது மேலயாவது போட்டுக் குடுங்க. பெரிய ஆபீஸ் தாள்ல, சீல் வெச்சு. அதைக் காட்டினா கதவைத் திறப்பான்."

"எழுத்துக்காரர் மேல போடலாமா?" என்று கேட்டுவிட்டு ரேடியோ உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா, அவரும் வேலை பார்த்துத்தானே சாப்பிடணும். போன் லைன் மேல போடுங்க. அதுக்குன்னு வருத்தப்பட யாரும் கிடையாது."

காற்புள்ளி சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார், மறுபடி வைத்தார். அவர் வேலையை விட்டதே பதினோரு பிழையை விட மனமில்லாமல்தான். இப்போது ஒரு முழுப் பொய்யைத் தன் கையால் எழுதச் சொல்கிறார்கள். அவர் மறுத்துவிடுவார் என்றே ரேடியோ நினைத்தாள். மறுக்க வேண்டும் என்றும் கொஞ்சம் ஆசைப்பட்டாள்.

"நான் தெரிஞ்சே ஒரு பிழையையும் விட்டதில்லைம்மா," என்றார் அவர்.

"எனக்காக ஒண்ணு விடுங்க சார். வெள்ளிக்கிழமை வண்டி வந்துடும்."

அவர் சந்துக்குள் இறங்கிப் போய் நின்றார். கடையில் ரேடியோவும் அக்காவும் மட்டும். சொல்லாவிட்டால் இனிமேல் சொல்ல முடியாது என்று ரேடியோவுக்குத் தோன்றியது.

"அக்கா, அந்த வீடியோவை நானும் அனுப்பினேன். நாப்பத்தோரு பேருக்கு."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"சிரிப்பா இருந்துச்சு இல்ல?" என்றார் அக்கா.

அது கேள்வியா, மறுப்பா, வேறு ஏதாவதா என்று ரேடியோவுக்கு விளங்கவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டாள். சந்திலிருந்து காற்புள்ளியின் குரல் கேட்டது: "ரேடியோ, ஆபீஸுக்கு வா. டைப் அடிக்கணும்."

*

தம்பி வீடு இரண்டாவது மாடி. மத்தியானம் மூன்று மணி. அக்கா முதல் மாடித் திருப்பத்திலேயே, துணிப்பையை அணைத்துக்கொண்டு நின்றுவிட்டார். மணியடித்ததும் கதவு ஒரு சாண் திறந்தது, சங்கிலியோடு. உள்ளே கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் தெரிந்தன. தம்பி நான்கைந்து நாள் சவரம் செய்யாத முகத்தோடு நின்றார். ரேடியோ மனதுக்குள் அவருக்காகத் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் அந்த முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் பின்வாங்கின. கோபம் மட்டும் போகவில்லை.

காற்புள்ளி சங்கிலி இடைவெளி வழியாகத் தாளை நீட்டினார். மேலே ஆபீஸ் பெயர், கீழே சீல். நடுவில் மூன்றே வரி. அதில் கடைசி வரி இது: 'தொலைபேசி இணைப்பில் ஏற்பட்ட கோளாறினால் ஒரு கேள்விக்குறி தொலைந்துவிட்டது, இதில் எவர் மீதும் குற்றமில்லை.'

தம்பி படித்தார். மறுபடி படித்தார்.

"லைன்ல கோளாறே இல்லையே. தெளிவாத்தான்..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மின்தூக்கி எங்கேயோ கீழே கதவை மூடிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது.

"அக்கா இதைப் படிச்சாங்களா?"

"அவங்க சொல்லித்தான் எழுதினோம்," என்றார் காற்புள்ளி.

தாளைப் பிடித்திருந்த கை இறங்கிவிட்டது. எல்லாம் தெரிந்துகொண்டே அக்கா இதை எழுதச் சொல்லியிருக்கிறார் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அது விளங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பிடிக்காமல் ரேடியோ படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தம்பி," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "அம்மா தூங்கிட்டாங்க இல்ல?"

நாற்பது நாளுக்குப் பிறகு அவர் அக்காவுக்குப் பதில் சொன்னார்.

"இல்லக்கா. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க."

அவர் சங்கிலியைக் கழற்றிக் கதவைத் திறந்தார். அக்கா மேலே வந்தார். வாசலில் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் பைக்குள்ளிருந்த அங்கிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அக்கா, எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு. ஒரே ஒரு நிமிஷம், இவளுக்கு என்ன தெரியும்னு நான்..."

"லைன் சரியில்லைடா," என்றார் அக்கா. "ரிப்போர்ட்ல போட்டிருக்கு இல்ல?"

அந்த 'இல்ல' எந்த 'இல்ல' என்பது அவருக்குத் தெரியாமல் போகாது. தாளை மடித்துக்கொண்டே, "ஆமாக்கா," என்றார்.

அக்கா அவரைக் கடந்து, பெட்டிகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து உள்ளே போனார். உள்ளறையிலிருந்து ஒரு வயதான குரல் யாரது என்று கேட்டது. தம்பி பின்னாலேயே போகவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வீட்டு வாசலிலேயே, வெளிப்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றார். காற்புள்ளி படியிறங்கினார்.

ரேடியோ முதல் மாடித் திருப்பத்தில் நின்று போனை எடுத்தாள். அந்த நாற்பத்தோரு பேருக்கும் எழுதினாள்: 'நான் போன மாசம் அனுப்பின வீடியோவுல அந்தக்கா சரியான பதிலைத்தான் சொல்லியிருக்காங்க. மூணாவதுதானேன்னு கேட்டிருக்காங்க. இனிமே அதை யாரும் அனுப்பாதீங்க.'

அரை நிமிஷத்தில் முதல் பதில் வந்துவிட்டது. 'அப்ப தப்பு யார் மேல?'

அவள் மேலே பார்த்தாள். கைப்பிடிக் கம்பிகளின் இடுக்கில் தம்பியின் கால்கள் தெரிந்தன. இன்னும் வெளியேதான் நின்றன. அவள் அவருடைய பெயரை அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள். பக்கத்தில் காற்புள்ளி கண்ணாடியை உயர்த்திக்கொண்டு திரையைப் படித்தார்.

"லைன் மேலன்னு போடு," என்றார்.

"சார், அது பொய்."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கத் தொடங்கினார். நான்கு படி இறங்கி நின்று, திரும்பாமலே கேட்டார்: "போட்டுட்டே இல்ல?"

மேலே கால்கள் அசையவில்லை. உள்ளறையில் அம்மாவும் அக்காவும் ஏதோ பேசுவது கேட்டது. ரேடியோ பெயரை அழித்துவிட்டு, 'லைன் மேல' என்று எழுதி நாற்பத்தோரு பேருக்கும் அனுப்பினாள்.